எப்போதும் ஓட்டிவிடும் இடம்

இந்தக் கதையைச் சிகாமணி பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. எப்படிச் சொல்வது? வெள்ளத்தில் செத்தவர் அவருடைய அப்பா. பிழைத்தது அவருடைய மகள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி கொம்பையா. கதையைச் சொன்னவனும் அவன்தான். அந்தப் பச்சைப்பிள்ளையை விட்டால் வேறு சாட்சி கிடையாது. முடிச்சூர் வீட்டுக்குள் காலையில் தண்ணீர் புகுந்தது. ஒரு பக்கம் விழுந்துபோய்க் கட்டிலில் கிடந்த கிழவரையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒருசேரத் தூக்க முடியாமல் கொம்பையா திகைத்து நின்றான். அப்போது கிழவர் அவனைப் பார்த்துச் சொன்னாராம்: "என் காலம் முடிஞ்சுது. இவ காலம் இப்பதான் ஆரம்பிக்குது. தூக்கிட்டுப் போ." இதுதான் கதை. துக்கம் கேட்க வந்தவர்கள் இந்த இடத்தில் வாய்விட்டு அழுதார்கள். சிகாமணியும் அழுதார். அழுதுகொண்டே, இது அப்பா பேச்சு இல்லையே என்று உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்தது. பஸ் கண்டக்டர் சுடலைமுத்து வாயிலிருந்து ஆயுசுக்கும் இரண்டு நல்ல வாக்கியம் சேர்ந்தாற்போல் வந்ததில்லை. பிரயாணியும் மூதி, பெற்ற பிள்ளையும் மூதி, தெருவில் போகிற நாயும் மூதி. பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகு மற்ற சொற்களெல்லாம் உதிர்ந்துபோக, அந்த ஒரு சொல் மட்டும் முழுசாக மிஞ்சியது. அது போகட்டும், சாகப்போகிற நேரத்தில் மனுஷனுக்குத் தமிழ் வந்திருக்கலாம். ஆனால் அந்த மனுஷனுக்கு உயிர் வெல்லக்கட்டி அல்லவா? டானிக் ஊற்றிய கரண்டியை இடது கையால் வாங்கி அடிவரை நக்குவார். தன் வயசுக்காரர் எவராவது போய்விட்டதாகச் செய்தி வந்தால் அன்றைக்கு ஒரு தோசை கூடக் கேட்பார். "செத்தவன் செத்தான், சட்னி எங்கம்மா?" என்று மருமகளிடம் குழறுவார். அப்படிப்பட்டவரா உயிரைத் தட்டில் வைத்து நீட்டினார்? நீட்டினார் என்றால் பெருமை. நீட்டவில்லை என்றால்? அந்த 'என்றால்' வரைக்கும் போய், ஒவ்வொரு முறையும் சிகாமணி திரும்பி வந்துவிடுவார். அப்பனைப் பற்றி ஒரு மகன் இப்படியா யோசிப்பான், தூ.

இன்று அப்பாவின் நினைவு நாள். மத்தியானம் படையல் முடிந்துவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்பும் அவித்த முட்டையும் கடலைமிட்டாயும் வைத்துக் கும்பிட்டு, சாப்பிட்டு, இப்போது ஹாலில் நீலக்கவசன் ஓடிக்கொண்டிருக்கிறான். இது இந்த வீட்டு வழக்கம். எந்த வீட்டிலாவது உண்டா இப்படி? ஐயரை அழைத்துத் திதி கொடுப்பார்கள், அன்னதானம் செய்வார்கள். இங்கே நினைவு நாளும் அதற்கடுத்த நாட்களுமாக, நீல நிற ரப்பர் சட்டை போட்டு ஆகாயத்தில் பறக்கிற ஒருவனுடைய ஏழு படத்தையும் வரிசையாகப் பார்ப்பார்கள். வெள்ளத்தன்றைக்குத் தப்பி ஏறிய மொட்டை மாடியில் பிள்ளை பயந்து அலறாமலிருக்கக் கொம்பையா சொன்ன கதை நீலக்கவசன் கதைதான். அந்தத் தீபாவளிக்குத்தான் அவளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய் முதல் பாகம் காட்டியிருந்தான். அதிலிருந்து மகள் ஆதிரைக்கு நீலக்கவசன் என்றால் தாத்தா, தாத்தா என்றால் நீலக்கவசன். முதல் வருஷம் பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று போட்டார்கள். பிறகு போடாவிட்டால்தான் ஏதோ குறை என்று ஆகிவிட்டது. அவளுக்கு இப்போது பதினாலு வயசு. சிகாமணி எந்த வருஷமும் உட்கார்ந்ததில்லை. சாப்பிட்ட கையோடு பூங்காவுக்குப் போய்விடுவார், படம் முடிந்த பிறகு வருவார். இந்த வருஷம் அடுக்ககத்துப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டோடு சோபாவில் கிடக்கிறார். கால் எதிரே ஸ்டூலில், தலையணை மேல், வேறு யாருடையதோ போல வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. எழுந்து போக வழியில்லை. பாவம் என்று ரிமோட்டை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"அத்தான், இப்ப பாருங்க, தலைவன் மாடியிலிருந்து குதிப்பான்," என்றான் தரையில் சம்மணம் போட்டிருந்த கொம்பையா. "நம்ம வீட்டுத் தலைவரு மூணு படி இறங்கத் தெரியாம விழுந்தாரு, அதையும் படமா எடுக்கச் சொல்லு," என்றாள் மனைவி செண்பகவல்லி. ஆதிரை சிரித்தாள். கொம்பையா சிரிக்கும்போது வாயில் கறி தெரிந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தாயிற்று, அவன் மட்டும் இன்னும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். உறிஞ்சுவான், தட்டில் தட்டுவான், ஒற்றைக் கண்ணால் ஓட்டைக்குள் பார்ப்பான், மறுபடி உறிஞ்சுவான். அந்தச் சத்தம் சிகாமணியின் பல்லில் கூசியது. இந்த வாய்தான் சொன்னது. இந்த வாய் உறிஞ்சுகிற வாய், சிரிக்கிற வாய், அப்பாவின் கடைசிச் சொல் இதற்குள்ளிருந்துதான் வெளியே வந்தது, அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது? மாவுக்கட்டுக்குள் அரித்தது. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்தார், எட்டவில்லை. வெளியே எடுத்தபோது குச்சி நுனியில் வேர்வையும் செத்த தோலுமாக ஒரு வாடை. தன்னுடைய வாடைதான். அதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். டிவிக்கு மேலே சுவரில் அப்பாவின் படம், அதில் சம்பங்கி மாலை. கீழே படத்தில் எது வெடித்தாலும் மேலே கண்ணாடியில் அப்பாவின் முகத்தில் நீலமும் ஆரஞ்சுமாக அடித்தது. பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில் தொப்பிபோட்ட வெள்ளைக்காரப் போலீஸ்காரன் டப்பிங் தமிழில் "இன்னா நைனா, ராங் ரூட்டா?" என்று நீலக்கவசனைக் கேட்டான். இதற்கும் சிரித்தார்கள். எத்தனை வருஷமாக இதே இடத்தில் சிரித்தார்களோ! நீலக்கவசனின் மார்பும் புஜமும் கோழிக்கடையில் தோலுரித்துத் தொங்குகிற உடம்பு மாதிரி வீங்கிப்போய், வேர்க்காமல், மயிரில்லாமல். அவன் கட்டடத்தை இடிக்கிறான், பாலத்தை முறிக்கிறான், அணை உடைகிறது, ஊருக்குள் தண்ணீர் பாய்கிறது. நல்ல தண்ணீர். பச்சைக் கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீர்.

அந்தத் தண்ணீர் அப்படி இல்லை. மறுநாள் மத்தியானம் சிகாமணி இடுப்பளவுக்கு அதில் இறங்கித்தான் வீட்டுக்குப் போனார். முந்தின நாள் முழுக்க கிண்டி ஆபீஸில் அடைபட்டு, போன் செத்து, மனைவி வேறு கோவில்பட்டியில் அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எதுவும் தெரியாது. தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. மேலே மண்ணெண்ணெய் படலம் பளபளத்தது. கக்கூஸ் குழிகள் பொங்கிக் கலந்திருந்தன. ஒரு எருமை வயிறு உப்பிக் கால்களை மேலே தூக்கி, யாருக்கோ கும்பிடு போடுவதுபோல் மிதந்து வந்து அவர் தொடையை இடித்துவிட்டுப் போனது. அந்த இடி இன்னமும் தொடையில் இருக்கிறது, இப்போது நினைத்தாலும் அங்கே தோல் சுருங்குகிறது. வீட்டுக்குள் தீயணைப்புக்காரர்கள் இருவர் இருந்தார்கள். அப்பா ஜன்னலில் இருந்தார். ஜன்னலுக்கு அருகில் அல்ல, ஜன்னலிலேயே. இடது கை கம்பியைப் பற்றியிருந்தது, முகம் கம்பிகளுக்கு நடுவே அழுந்தியிருந்தது. அவர்களில் வயசான ஆள் விரல் விரலாகப் பிரித்தான். பிரிக்கும்போது, உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோல, "விடுங்க பெரியவரே, விடுங்க, வந்துட்டோம்ல," என்றான். அவர் விடவில்லை. அதைத்தான் சிகாமணியால் மறக்க முடியவில்லை. கட்டில் எதிர்ச் சுவரோரம் கிடந்தது. நடக்க முடியாத மனுஷன் அறையைக் கடந்து எப்படி ஜன்னலுக்கு வந்தார்? கட்டில் மிதந்திருக்கும். இரும்புக் கட்டில் மிதக்குமா? மெத்தை மிதந்திருக்கும், மெத்தையோடு அவரும் வந்திருப்பார், மூழ்குகிறவன் கைக்கு எது அகப்பட்டாலும் பிடிக்கத்தானே செய்வான், எறும்புகூடத் துரும்பைப் பிடிக்கும், அதற்கு அர்த்தம் உண்டா? தூக்கிட்டுப் போ என்று சொன்னவரும் பிடித்திருக்கலாம். சொன்ன பிறகு மனசு மாறியிருக்கலாம். ஆனால் அந்த ஜன்னல் தெருப்பக்கத்து ஜன்னல் இல்லை. அது பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பார்த்த ஜன்னல். மாடி வீட்டுக்காரர்கள் முதல் நாளே கிளம்பிவிட்டார்கள்; கொம்பையா பிள்ளையோடு ஏறிப் போனது அந்தப் படியில்தான். இந்த இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல அவர் மனசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எருமைக்கு. ஆபீஸுக்கு. எதற்காவது.

"அப்பா, ரிமோட்டைக் குடுங்க," என்றாள் ஆதிரை. படத்தில் ஒரு கிழட்டு விஞ்ஞானி, வெள்ளைத் தாடி, இரும்பு உத்திரத்துக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நீலக்கவசன் ஒரு சிறுமியைக் கையில் ஏந்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "எதுக்குடா?" என்றார் சிகாமணி. "இந்த எடத்தை ஓட்டிருவோம்பா. போர்." கையை நீட்டிக்கொண்டே நின்றாள். "எப்பவும் ஓட்டிருவோம்." செண்பகவல்லி எழுந்தாள். "பாயசம் சூடு பண்ணிட்டு வாரேன்," என்று யாரையும் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள். கொம்பையாவின் வாயில் எலும்பு அப்படியே நின்றது. "குடுங்கத்தான், பிள்ளை கேக்கால்லா," என்றான். அவன் குரல் எப்போதையும்விட மெதுவாக இருந்தது. அந்த மெதுவில்தான் சிகாமணிக்கு ஏதோ தட்டியது. "இருக்கட்டும். நான் பார்த்ததில்லையே," என்று ரிமோட்டைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். அவருக்கே அது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. திரையில் கிழவன் இருமினான், கனத்த டப்பிங் குரலில், ஒவ்வொரு சொல்லாக, பின்னணியில் வயலின் இழுக்க, சொன்னான்: "என் காலம் முடிஞ்சுது. அவளோட காலம் இப்பதான் ஆரம்பிக்குது. தூக்கிட்டுப் போ!"

நீலக்கவசன் பறந்தான். தண்ணீர் கிழவனின் தாடியை மூடியது. கிழவன் புன்னகைத்துக்கொண்டே மூழ்கினான். ஒரு குமிழி, அவ்வளவுதான். அடுக்களையில் கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம் கேட்கவில்லை. அடுப்புப் பற்றவைத்த சத்தமும் இல்லை. அவள் சும்மா நின்றுகொண்டிருக்கிறாள். டீப்பாயில் இன்றைய பேப்பர் கிடந்தது, உள்பக்கத்தில் அப்பாவின் படம், நினைவஞ்சலி, கீழே தடித்த எழுத்தில் அதே வாக்கியம். வருஷா வருஷம் போடுகிறார்கள். முதல் வருஷம் வாசகம் சரிதானா என்று பேப்பர் ஆபீஸிலிருந்து கேட்டபோது போனில் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துச் சொன்னது சிகாமணிதான். ஆச்சரியக்குறி வேண்டுமா சார் என்று கேட்டான், போடுங்கள் என்றார். ஊர் முழுக்க எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் காலையில் டீக்கடையில் அந்தப் பக்கத்தை விரித்துவிட்டு, இது நீலக்கவசன் டயலாக் இல்லையா என்று சிரித்திருப்பார்கள்! எப்போதும் ஓட்டிருவோம் என்கிறாள். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். எந்த வருஷத்திலிருந்து? செண்பகவல்லிக்கு எப்போது தெரிந்தது, முதல் தடவை இந்த வசனம் வந்தபோது அவள் தம்பியைப் பார்த்தாளா, பார்த்துவிட்டு அப்போதும் பாயசத்துக்கு எழுந்து போனாளா? ஒருவரும் ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டார்கள். ரிமோட்டை அழுத்தியிருப்பார்கள், படம் ஓடியிருக்கும், அதுவே பேச்சு. அவன் வேண்டுமென்று புளுகியிருக்க மாட்டான் என்று ஒரு பக்கம் தோன்றியது. மாடியில் பிள்ளை, தாத்தா எங்கே, தாத்தா ஏன் வரலை என்று கேட்டிருக்கும். பச்சைப்பிள்ளையிடம் என்ன சொல்வான்? வாயில் இருந்த கதையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பான். பிள்ளை அதை அம்மாவிடம் சொல்லியிருக்கும், அம்மா கோவில்பட்டி முழுக்கச் சொல்லியிருப்பாள், பதினாறாம் நாளுக்குள் அது அப்பா சொன்னதாகவே ஆகிவிட்டது, அதற்கப்புறம் அவன் எப்படித் திரும்ப வாங்குவான்? சரி. அது அவன் பாடு. ஆனால் நான்? இழவு வீட்டில் ஆள் ஆளாய் வந்து கையைப் பிடித்து, "ஒங்கப்பா மனுசன் இல்லய்யா, தெய்வம்," என்றபோது முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது யார் முதுகு? இது அப்பா பேச்சு இல்லை என்று தெரிந்தும் அதை விழுங்கினேனே, டானிக் கரண்டி மாதிரி அடிவரை நக்கினேனே. அவர்கள் எனக்கு ஒளித்தார்களா, நான் பூங்காவுக்குப் போய்ப் போய் அவர்களுக்கு ஒளிக்க இடம் கொடுத்தேனா? ஒருவேளை நான் இல்லாத நேரத்தில்தான் இந்த வீட்டில் எல்லோரும் அப்பாவை உள்ளபடி நினைத்தார்களோ என்னவோ.

படத்தில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆதிரைக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சின்னதிலிருந்தே அவளுக்கு அமைதி ஆகாது. "மாமா அன்னிக்கு இதைவிட சூப்பரா சொன்னாரு, தெரியுமாப்பா?" என்று ஆரம்பித்தாள். "வாயாலேயே மியூசிக் போட்டு. டமால் டுமீல்னு." "போதும் பாப்பா, படத்தைப் பாரு," என்றான் கொம்பையா. "இருங்க மாமா. அப்பா, கேளுங்களேன், காமெடி. ரெண்டு கையாலயும் என் காதைப் பொத்திக்கிட்டாரு. குளிருமாம். காதைப் பொத்திக்கிட்டு கதை சொன்னா எப்படிக் கேக்கும்? அதனால கத்திக் கத்திச் சொன்னாரு, மூஞ்சியெல்லாம் எச்சில் எனக்கு. மாமா கையை எடு, மாமா கையை எடுன்னு நான் சொல்றேன், எடுக்கவே இல்லையே! சாயங்காலம் போட்டுல ஏத்தும்போது மாமாக்குக் குரலே இல்ல. போட்டுக்காரங்க ஊமைன்னே நினைச்சுட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் முகம் மாறியது. இவ்வளவு வருஷம் வேடிக்கையாகச் சொன்ன ஒன்றை இன்று சொல்லும்போது அவளே கேட்டுவிட்டவள்போல, மாமனைப் பார்த்தாள், பிறகு போனை எடுத்துக் குனிந்துகொண்டாள். கொம்பையா தட்டில் இருந்த எலும்பை வெறித்துக்கொண்டிருந்தான். அதை இனி அவன் உறிஞ்ச மாட்டான் என்று சிகாமணிக்குத் தெரிந்தது.

"கொம்பையா, பாத்ரூம் போகணும்," என்றார் சிகாமணி. முட்டிக்கொண்டு ஒன்றும் வரவில்லை. ஆனால் வேறென்ன சொல்லி அவனைத் தனியே எழுப்புவது? அவன் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தான். "கையை என் தோள்ல போடுங்கத்தான். காலை ஊன்றாதீங்க, நான் பார்த்துக்கிடுதேன்." குனிந்து, கைக்கு அடியில் தோளைக் கொடுத்து, ஒரு தம்மில் தூக்கினான். நல்ல பலம். இந்தத் தோள்தான். நாலு நாளாகக் காலையும் மாலையும் தூக்குகிறான், இன்றுதான் அது உறைத்தது: இப்படித்தான் தூக்கியிருப்பான், இந்த வேர்வை வாடைதான் பிள்ளைக்கு அடித்திருக்கும், இந்தக் கழுத்தைத்தான் அவள் கட்டிக்கொண்டிருப்பாள். அருவருப்பாக இருந்தது, விடவும் பயமாக இருந்தது. "வெயிட் போட்டுட்டீங்கத்தான்," என்று சிரிக்கப் பார்த்தான். ஒற்றைக் காலால் நொண்டி நொண்டி நடையைக் கடந்தார்கள். பின்னால் ஹாலில் ஏதோ நகரம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக மனசுக்குள் தயார் பண்ணி வைத்த கேள்விகள் வரிசையாக வந்தன. அப்பா நிஜமாகவே அப்படிச் சொன்னாரா? சத்தியமாகச் சொல், என் பிள்ளை மேல் சத்தியமாகச் சொல். ஏன் திரும்பிப் போகவில்லை? ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்தாயா? எல்லாம் வக்கீல் கேள்விகள். கேட்டால் அவன் எப்படியும் ஒரு பதில் வைத்திருப்பான், இல்லையென்றால் காலில் விழுவான், விழுந்தால் நான் மன்னித்தாக வேண்டும், மன்னிக்க நான் யார், என் பிள்ளை ஹாலில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது? ஒன்றும் கேட்காமல் போய் மூத்திரம் பெய்துவிட்டு வரலாம். அடுத்த வருஷம் கால் சரியாகிவிடும், பூங்கா இருக்கிறது. பாத்ரூம் வாசலில் கொம்பையா நின்றான். அத்தான் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவர் இடது கையை எடுத்து நிலையோரத்துக் கைப்பிடிக் கம்பியில் வைக்கப் போனான். சிகாமணி கையைக் கொடுக்கவில்லை. அவன் கழுத்திலேயே இறுக்கிக்கொண்டார். அவன் காது அவர் உதட்டுக்கு வெகு அருகில் இருந்தது, சிவந்து, ஓரத்தில் ஒரு முடி நரைத்து. முதல் தடவையாக அவனுக்கும் வயசாகிறது என்று நினைத்தார். பிறகு, தயார் பண்ணாத ஒன்று, தன் குரல்தானா என்று அவரே சந்தேகப்படும் அளவு தணிந்த குரலில் வெளியே வந்தது.

"அங்க மேல உக்காந்திருந்தப்ப, எங்கப்பா கத்தினது உனக்கு எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, கொம்பையா?"